பாஸ்போலிப்பிட் உருவாகும் பாதை: ஒரே தாளில் பிழையில்லாமல் வரைய முழு வழிகாட்டி

செல் சவ்வுகளைக் கட்டும் கொழுப்பான பாஸ்போலிப்பிட்டின் உயிர்த்தொகுப்பைப் படித்து முடித்தவர்களிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து வரையச் சொன்னால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பேனா நிற்கும். நொதியின் பெயர் மறந்துபோய் அல்ல. சிடிபி (சைட்டிடின் டைபாஸ்பேட்) எதோடு ஒட்டியிருந்தது, கோலின் என்ற தலையோடா, டைஅசைல்கிளிசரால் என்ற இரண்டு வாலுள்ள கிளிசராலோடா என்ற இடத்தில். அங்கே குத்துமதிப்பாக ஒன்றை எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் அம்புக்குறிகள் எல்லாம் தப்பாகவே போகும்.

அதனால் நொதிப் பெயர்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பாஸ்பரஸ் அணு எங்கிருந்து வந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதை முதலில் பிடிக்கப் போகிறோம். முதல் தடவை வரைய இரண்டு மணி நேரம் ஆகலாம். மூன்றாவது தடவை இருபது நிமிடம் போதும்.

1. உட்காரும் முன் என்ன வேண்டும்

பெரிய தாள் ஒன்று, கருப்பு, சிவப்பு, நீலம் என மூன்று பென்சில்கள். எலும்புக்கூடு கருப்பில். கிளிசராலிலோ கோலினிலோ ஒட்டியிருக்கும் பாஸ்பரஸ் சிவப்பில். சைட்டிடின் ட்ரைபாஸ்பேட்டிலிருந்து வரும் பாஸ்பரஸ் நீலத்தில். நிறம் அழகுக்காக அல்ல. கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அதுதான் சாட்சி.

முன்பே தெரிந்திருக்க வேண்டியவை மூன்று: எஸ்டர் பிணைப்பு எப்படி இருக்கும், பாஸ்போடைஎஸ்டர் என்றால் ஒரு பாஸ்பேட் இரண்டு பக்கமும் கை கோத்திருப்பது, ஏடிபி (அடினோசின் ட்ரைபாஸ்பேட்) ஒரு இடத்தில் அடினோசின் டைபாஸ்பேட்டாகவும் இன்னொரு இடத்தில் ஏஎம்பியாகவும் (அடினோசின் மோனோபாஸ்பேட்) உடையும் என்பது. இதில் எது தடுமாறினாலும் அதை முதலில் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. இந்தத் தாளில் விலங்குச் செல் மட்டும். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் தனித்தாள். இரண்டையும் ஒரே படத்தில் கலப்பதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான குழப்பத்துக்குக் காரணம். ஏன் என்பது 7ஆம் படியில் வரும்.

2. கிளிசராலைச் சரியான பக்கம் நிறுத்துங்கள்

மூன்று கார்பன்களை மேலிருந்து கீழாகப் போடுங்கள். நடுக் கார்பனின் ஹைட்ராக்சில் இடப்பக்கம் இருக்கட்டும். இப்போது மேல் கார்பன் எஸ்என்-1, நடுவில் எஸ்என்-2, கீழே எஸ்என்-3 (எஸ்என் என்பது கிளிசராலின் கார்பன்களுக்கு எண் தரும் முறை). பாஸ்பேட் எப்போதும் எஸ்என்-3இல். சிவப்புப் பென்சிலால் அந்தப் பாஸ்பரஸை வட்டமிட்டு உள்ளே ‘1’ என்று எழுதுங்கள்.

கிளிசராலின் இரண்டு முனைகளும் ஒரே மாதிரிதானே, எந்தப் பக்கம் போட்டால் என்ன என்று கேட்பார்கள். பார்வைக்கு ஒரே மாதிரிதான், நொதிக்கு அல்ல. நடு ஹைட்ராக்சிலை வலப்பக்கம் போட்டுவிட்டு அதே எண்களைக் கொடுத்தால், நீங்கள் வரைந்தது கண்ணாடிப் பிம்பம்.

இந்தக் கிளிசரால்-3-பாஸ்பேட் இரண்டு வழியில் வரும். குளுக்கோஸ் சிதையும் பாதையில் கிடைக்கும் டைஹைட்ராக்சிஅசிட்டோன் பாஸ்பேட்டை என்ஏடிஹெச் கொண்டு ஒடுக்கினால் ஒரு வழி. கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் கிளிசரால் கைனேஸ் (கைனேஸ் என்றால் பாஸ்பேட் ஏற்றும் நொதி) ஏடிபியைச் செலவழித்து நேரடியாகச் செய்வது மற்றொரு வழி. கொழுப்புத் திசுவில் அந்தக் கைனேஸ் மிகக் குறைவு என்பதால் அங்கே முதல் வழிதான் பிரதானம்.

3. வாலை அப்படியே ஒட்டாதீர்கள்

கொழுப்பு அமிலத்தை நேராகக் கொண்டுவந்து கிளிசராலில் ஒட்டுவது ஆரம்பக்காரர்களின் பழக்கம். செல்லுக்குள் கொழுப்பு அமிலம் எதிர்மின்சுமையோடு திரியும். அந்த நிலையில் அது எஸ்டர் ஆகாது. முதலில் அதைக் கோஎன்சைம்-ஏ மேல் ஏற்ற வேண்டும்.

கொழுப்பு அமிலம், கோஎன்சைம்-ஏ, ஏடிபி மூன்றும் சேர்ந்து அசைல்-கோஏ ஆகும். வெளியே வருவது ஏஎம்பியும் பைரோபாஸ்பேட்டும். இங்கே ஏஎம்பிக்குப் பதிலாக அடினோசின் டைபாஸ்பேட் என்று எழுதுபவர்கள் அதிகம். பைரோபாஸ்பேட் உடனே இரண்டாக உடைந்துவிடும். அதனால்தான் வினை திரும்பி வராது. அப்படியானால் ஒரு வாலுக்கு இரண்டு உயர் ஆற்றல் பிணைப்புகள் செலவு. தாளின் ஓரத்தில் ‘2 + 2 = 4’ என்று குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது முதல் வால் எஸ்என்-1இல் ஏறும். லைசோபாஸ்பாட்டிடிக் அமிலம் கிடைக்கும். அடுத்த வால் எஸ்என்-2இல். பாஸ்பாட்டிடிக் அமிலம் கிடைக்கும். பொதுவாக எஸ்என்-1இல் நிறைவுற்ற வால், எஸ்என்-2இல் இரட்டைப் பிணைப்புள்ள வால். இது பெரும்போக்கு மட்டுமே, சட்டம் அல்ல. நுரையீரலின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளில் முக்கியமான பாஸ்பாட்டிடைல்கோலினுக்கு இரண்டு வாலுமே பால்மிடிக் அமிலம்.

4. கவை: இங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள்

பாஸ்பாட்டிடிக் அமிலத்தைத் தாளின் நட்டநடுவில் போடுங்கள். மொத்தப் படமும் இங்கிருந்துதான் இரண்டாகப் பிரியும்.

பிரச்சினை இதுதான். நம்மிடம் ஒரு பக்கம் இரண்டு வாலுள்ள கிளிசரால், மறுபக்கம் கோலின், இனோசிட்டால் போன்ற ஒரு தலை. இரண்டையும் ஒரு பாஸ்பேட்டால் கோக்க வேண்டும். இதற்கு யாராவது ஒருவர் முதலில் கிளர்வூட்டப்பட வேண்டும். இந்த வேலைக்குச் செல் பயன்படுத்துவது ஏடிபி அல்ல, சிடிபி, அதாவது சைட்டிடின் டைபாஸ்பேட். ஆனால் செல் அதை நேராக எடுத்து ஒட்டுவதில்லை. அதன் அண்ணன், மூன்று பாஸ்பேட் உள்ள சைட்டிடின் ட்ரைபாஸ்பேட்டிலிருந்து தொடங்குகிறது. தமிழில் இரண்டையும் சிடிபி என்றே சுருக்க நேரும் என்பதால், இனி அந்த அண்ணனைக் குழப்பாமல் ‘சைட்டிடின் மூன்று’ என்றே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சிடிபி எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது?

தலையின் மேல் ஏறினால், மறுபக்கம் வெறும் டைஅசைல்கிளிசராலாக வர வேண்டும். கொழுப்பின் மேல் ஏறினால், தலை வெறும் ஆல்கஹாலாக வந்து சேரும். இரண்டு பக்கமும் ஏறுவது கிடையாது, ஒரு பக்கமும் ஏறாமல் புதிதாகக் கோப்பதும் கிடையாது.

கவையின் இடப்பக்கம்: பாஸ்பாட்டிடிக் அமிலத்திலிருந்து பாஸ்பேட்டை நீரால் வெட்டினால் டைஅசைல்கிளிசரால். சிவப்பு ‘1’ இங்கே கழன்று வெளியே போய்விடுகிறது. நீர் மூலக்கூறை எழுத மறக்காதீர்கள்.

கவையின் வலப்பக்கம்: பாஸ்பாட்டிடிக் அமிலம் சைட்டிடின் மூன்றோடு சேர்ந்து சிடிபி-டைஅசைல்கிளிசரால். வெளியே வருவது பைரோபாஸ்பேட். சிவப்பு ‘1’ அப்படியே இருக்கிறது.

5. இடக்கிளை: கோலின், எத்தனாலமைன்

இதைப் பென்சிலோடு மெதுவாகச் செய்யுங்கள், அவசரப்பட்டால் பலன் இல்லை.

முதலில் கோலின். ஏடிபி தன் கடைசிப் பாஸ்பேட்டைக் கோலினுக்குக் கொடுத்து ஏடிபி என்ற நிலையிலிருந்து அடினோசின் டைபாஸ்பேட்டாக இறங்குகிறது. கிடைப்பது பாஸ்போகோலின். இந்தப் புதிய பாஸ்பரஸைச் சிவப்பில் வட்டமிட்டு ‘2’ என்று எழுதுங்கள்.

அடுத்து பாஸ்போகோலின், சைட்டிடின் மூன்றோடு சேருகிறது. பாஸ்போகோலினின் ஆக்சிஜன், சைட்டிடினுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் பாஸ்பரஸைத் தாக்கும். மற்ற இரண்டும் பைரோபாஸ்பேட்டாகக் கழன்றுவிடும். கிடைப்பது சிடிபி-கோலின்.

இப்போது தாளைப் பாருங்கள். சைட்டிடின், அதை ஒட்டி நீலப் பாஸ்பரஸ், அதை ஒட்டி சிவப்பு ‘2’, கடைசியில் கோலின். சிடிபி என்ற பெயரில் உள்ள இரண்டு பாஸ்பரஸும் சைட்டிடின் மூன்றிலிருந்தே வந்தவை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. ஒன்று அங்கிருந்து வந்தது, இன்னொன்று கோலின் தன்னோடு கொண்டுவந்தது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது: டைஅசைல்கிளிசராலின் எஸ்என்-3 ஹைட்ராக்சில் வந்து சிவப்பு ‘2’ஐத் தாக்கும். நீலப் பாஸ்பரஸோடு சைட்டிடின் மோனோபாஸ்பேட் விலகும். பாஸ்பாட்டிடைல்கோலின் தயார்.

இங்கே இரண்டு தப்புகள் அடிக்கடி வரும். சிடிபி முழுதாக விலகுகிறது என்று எழுதுவது ஒன்று. அப்படி நடந்தால் கிளிசராலுக்கும் கோலினுக்கும் நடுவே பாஸ்பேட்டே இருக்காது, அது பாஸ்போலிப்பிட்டே ஆகாது. கோலின் மட்டும் மாறுகிறது என்று எழுதுவது இன்னொன்று. மாறுவது பாஸ்போகோலின்.

எத்தனாலமைனுக்கும் இதே மூன்று படிகள், வேறு நொதிகள். அதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் இணையாக ஒரு வரிசை போட்டுவிடுங்கள்.

பொதுவாக இந்தக் கிளையின் வேகத்தைத் தீர்மானிப்பது நடுப்படி. சிடிபி-கோலினை உண்டாக்கும் அந்த நொதி கரைந்த நிலையில் சும்மா இருக்கும். சவ்வில் போய் ஒட்டினால் வேலை செய்யத் தொடங்கும். சவ்வில் பாஸ்பாட்டிடைல்கோலின் குறைந்தால் அது ஒட்டுவது கூடுகிறது. அதாவது பற்றாக்குறையே உற்பத்தியைத் தூண்டுகிறது. நடுப்படியின் அம்புக்குறியைத் தடிமனாகப் போடுங்கள்.

6. வலக்கிளை: இனோசிட்டால், கார்டியோலிப்பின்

சிடிபி-டைஅசைல்கிளிசராலை வரைந்து நிறத்தைப் பாருங்கள்: சைட்டிடின், நீலம், சிவப்பு ‘1’, கிளிசரால். இனோசிட்டால் எந்தக் கிளர்வும் இல்லாமல் சும்மா வந்து சிவப்பு ‘1’ஐத் தாக்கும். சைட்டிடின் மோனோபாஸ்பேட் விலகும். பாஸ்பாட்டிடைல்இனோசிட்டால் முடிந்தது. அதன் வளையத்தில் பிறகு கைனேஸ்கள் பாஸ்பேட் ஏற்றினால் சமிக்ஞைக்குப் பயன்படும் வடிவங்கள் வரும். அது வேறு தாளுக்கான கதை.

கார்டியோலிப்பினில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இன்னொரு கிளிசரால்-3-பாஸ்பேட் வந்து, தன் 1ஆம் கார்பனின் ஹைட்ராக்சிலால் சிவப்பு ‘1’ஐத் தாக்குகிறது. அதன் மறுமுனையில் அதற்கே உரிய பாஸ்பேட் இருக்கிறது. அதற்கு ‘3’ என்று எண் கொடுங்கள். அடுத்த படியில் ‘3’ வெட்டப்பட்டுப் பாஸ்பாட்டிடைல்கிளிசரால் ஆகிறது. ‘3’ போன இடத்தில் இப்போது ஒரு ஹைட்ராக்சில் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில்தான் இன்னொரு சிடிபி-டைஅசைல்கிளிசரால் வந்து சேர்ந்து கார்டியோலிப்பினை முடிக்கிறது.

ஒரு பாஸ்பேட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைப்பானேன் என்று தோன்றும். முதலில் இருந்தது கிளர்வற்ற பாஸ்பேட். அதைக் கொண்டு எதையும் கோக்க முடியாது.

சரிபார்க்க: கார்டியோலிப்பினில் கிளிசரால் 3, வால் 4, பாஸ்பரஸ் 2. இரண்டு பாஸ்பரஸும் ‘1’ வகை. ‘3’ எங்காவது மிச்சமிருந்தால் வெட்டும் படியை விட்டுவிட்டீர்கள்.

7. செரினுக்குச் சிடிபி தேட வேண்டாம்

விலங்குச் செல்லில் பாஸ்பாட்டிடைல்செரின் மேற்சொன்ன இரண்டு கிளைகளிலும் வராது. ஏற்கெனவே செய்து முடித்த பாஸ்போலிப்பிட்டின் தலையைக் கழற்றிவிட்டு அங்கே செரின் உட்காருகிறது. ஒரு நொதி பாஸ்பாட்டிடைல்கோலினிலிருந்து கோலினை விலக்கும், இன்னொன்று பாஸ்பாட்டிடைல்எத்தனாலமைனிலிருந்து எத்தனாலமைனை விலக்கும். இதற்குக் கால்சியம் வேண்டும். ஏடிபியோ சைட்டிடின் மூன்றோ தேவையில்லை. பாஸ்பரஸ் நகராது, தலை மட்டும் மாறும்.

பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் சிடிபி-டைஅசைல்கிளிசராலோடு செரின் நேரடியாகச் சேரும். அங்கே அது வலக்கிளையைச் சேர்ந்தது. ஒரு பாடப்பகுதியில் ஈ.கோலியின் படமும் அடுத்த பக்கத்தில் கல்லீரலின் படமும் இருக்கும். படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். தனித்தாள் என்று சொன்னது இதற்காகத்தான்.

அப்புறம் இரண்டு அம்புக்குறிகள் பாக்கி. பாஸ்பாட்டிடைல்செரின் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் கார்பன் டைஆக்சைடை இழந்தால் பாஸ்பாட்டிடைல்எத்தனாலமைன். கல்லீரலில் பாஸ்பாட்டிடைல்எத்தனாலமைன் மூன்று மெத்தில்களை வாங்கினால் பாஸ்பாட்டிடைல்கோலின். மெத்தில் கொடுப்பது எஸ்-அடினோசைல்மெத்தியோனின். ஒரு தடவைக்கு ஒன்று வீதம் மூன்று மூலக்கூறுகள். ஒன்றே ஒன்று எழுதிவிட்டு நகர்வது சகஜமான பிழை. கல்லீரலின் பாஸ்பாட்டிடைல்கோலினில் சுமார் 30 சதவீதம் இப்படி வருகிறது, மீதி கோலின் கிளையிலிருந்து.

இதை வரைந்ததும் தாளில் ஒரு வட்டம் தெரியும்: கோலினிலிருந்து செரின், செரினிலிருந்து எத்தனாலமைன், அங்கிருந்து மறுபடி கோலின். மெத்தில்களைக் கழற்றிப் பின்னோக்கிப் போகும் அம்பு கிடையாது. சுற்றித்தான் வர வேண்டும்.

8. ஸ்பிங்கோமையலின்: கிளிசரால் இல்லாத விருந்தாளி

இதன் முதுகெலும்பு செரினும் பால்மிட்டாயில்-கோஏவும் சேர்ந்து, கார்பன் டைஆக்சைடு போய் உருவாவது. அதன் அமினோவில் ஒரு கொழுப்பு அமிலம் அமைடாக ஏறி, பிறகு ஒரு இரட்டைப் பிணைப்பு விழுந்தால் செராமைடு.

இப்போது தலை. நம் கை தானாகச் சிடிபி-கோலினை எழுதப் போகும். நிறுத்துங்கள். ஸ்பிங்கோமையலினுக்குப் பாஸ்போகோலினைக் கொடுப்பது பாஸ்பாட்டிடைல்கோலின். கொடுத்துவிட்டு அது டைஅசைல்கிளிசராலாக மிஞ்சும். சிவப்பு ‘2’ இங்கே கோலினோடு சேர்ந்தே இடம் மாறுகிறது. செரின் வந்தபோது பாஸ்பரஸ் நகரவில்லை, இங்கே நகர்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

9. இடங்களை இப்போதுதான் குறிக்க வேண்டும்

வேதியியல் முடியும் முன் இடத்தைக் குறித்தால் படம் குப்பையாகிவிடும். இப்போது கோடுகள் போட்டுத் தாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கோலின் கைனேஸ் சைட்டோசாலில். கொழுப்போடு சேரும் பெரும்பாலான வினைகள் எண்டோபிளாச வலையின் சவ்வில், சைட்டோசாலைப் பார்த்த பக்கம். கார்டியோலிப்பினும், பாஸ்பாட்டிடைல்செரின் கார்பன் டைஆக்சைடு இழப்பதும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில். ஸ்பிங்கோமையலின் பெரும்பாலும் கோல்கி உறுப்பில். பிளாஸ்மலோஜன் போன்ற ஈதர் வகைகள் பெராக்ஸிசோமில் தொடங்குகின்றன. அங்கே தொடக்கப்பொருள் கிளிசரால்-3-பாஸ்பேட் அல்ல, டைஹைட்ராக்சிஅசிட்டோன் பாஸ்பேட்.

இதில் ஒளிந்திருக்கும் கேள்வி: செரின் வகை வலையில் உருவாகிறது, கார்பன் டைஆக்சைடை இழப்பது மைட்டோகாண்ட்ரியாவில். நடுவே பயணம் இருக்கிறது. வலையும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒட்டி நிற்கும் இடங்கள் வழியாக அது நடக்கிறது. அந்த அம்பை விட்டுவிட்டு வரும் கோடாகப் போடுங்கள். அது வினை அல்ல, போக்குவரத்து.

10. வாலை மாற்றுதல்

இது சின்ன வேலை. முடிந்த பாஸ்போலிப்பிட்டின் எஸ்என்-2 வாலை பாஸ்போலிப்பேஸ் ஏ2 வெட்டும், வேறு அசைல்-கோஏ வந்து காலி இடத்தில் உட்காரும். நுரையீரலின் இரட்டைப் பால்மிடிக் வகையில் ஒரு பகுதி இப்படித்தான் உருவாகிறது. கிளிசரால் உள்ள எல்லாப் பாஸ்போலிப்பிட்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வளைவு அம்பு போட்டால் போதும்.

11. கணக்கு: 7ம் 6ம்

கிளிசரால்-3-பாஸ்பேட், இரண்டு கொழுப்பு அமிலங்கள், தலை ஆகியவை கையில் இருப்பதாக வைத்து, உயர் ஆற்றல் பிணைப்புகளை எண்ணுங்கள்.

பாஸ்பாட்டிடைல்கோலின்: வால்களுக்கு 4, கோலின் கைனேஸுக்கு 1, சைட்டிடின் மூன்று மோனோபாஸ்பேட்டாக முடிவதால் 2. மொத்தம் 7.

பாஸ்பாட்டிடைல்இனோசிட்டால்: வால்களுக்கு 4, சைட்டிடினுக்கு 2. மொத்தம் 6.

ஏன் ஒன்று வித்தியாசம்? சிவப்பைப் பாருங்கள். கோலின் வகையில் இருப்பது ‘2’. ‘1’ கவையிலேயே வீணாக வெளியே போனது, அதற்குப் பதிலாக ஒரு புதிய பாஸ்பரஸை ஏடிபியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. இனோசிட்டால் வகையில் இருப்பது பழைய ‘1’தான். உங்கள் படத்தில் இனோசிட்டாலுக்கும் 7 வந்தால், இனோசிட்டாலுக்கு ஒரு கைனேஸை நீங்களாகச் சேர்த்திருக்கிறீர்கள்.

மின்சுமையையும் ஒருமுறை எழுதிவிடுங்கள். நடுநிலை பிஹெச்சில் கோலின், எத்தனாலமைன் வகைகளின் நிகர மின்சுமை பூஜ்யம்; செரின், இனோசிட்டால், கிளிசரால் வகைகளுக்கு ஒரு எதிர்மின்சுமை. செரினில் மூன்று மின்சுமைகள் இருப்பதை எண்ணாமல் பூஜ்யம் என்று போடுபவர்கள் உண்டு.

12. படத்தை உடைத்துப் பாருங்கள்

வரைந்த படம் சரியா என்று அறிய, ஒரு அம்பை அழித்துவிட்டு என்ன ஆகும் என்று சொல்ல முயலுங்கள்.

முதல் சோதனை: கல்லீரலின் மெத்தில் ஏற்றும் நொதி இல்லாத எலி. சாதாரணத் தீவனத்தில் அது சமாளிக்கும். தீவனத்திலிருந்து கோலினை நீக்கினால் சில நாட்களிலேயே கல்லீரல் செயலிழக்கிறது. உங்கள் படத்தில் பாஸ்பாட்டிடைல்கோலினுக்குள் புதிதாக நுழையும் வாசல்கள் இரண்டு, இரண்டும் அடைபட்டுவிட்டன.

இரண்டாவது: பாஸ்பாட்டிடைல்செரினிலிருந்து கார்பன் டைஆக்சைடை நீக்கும் நொதியை மட்டும் எடுத்துவிடுங்கள். எத்தனாலமைனுக்கு இடக்கிளை திறந்தே இருக்கிறது, ஆகவே எலி பிழைக்கும் என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். பிழைப்பதில்லை; கருவிலேயே இறந்துவிடுகிறது. இடக்கிளையின் சிடிபி-எத்தனாலமைனை உண்டாக்கும் நொதியை எடுத்தாலும் அதே முடிவுதான். இரண்டு பாதைகளும் தருவது ஒரே பொருள். ஆனால் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்கு உள்ளே தருகிறது, மற்றொன்று வெளியே. விடை தப்பியவர்கள் 9ஆம் படிக்குத் திரும்பி, கோடுகளை இன்னொரு தடவை போடவும்.